வரவேற்பு விருந்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்வது?

களுவாஞ்சிக்குடி மூத்தவன்:

என் தம்பியின் திருமணம் வைகாசி மாதத்தில் தம்பிலுவிலில், பெண் வீட்டில் நடைபெறவிருக்கிறது. அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அழைத்து வந்து, மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவில் பந்தல் போட்டு, உறவினருக்கும் ஊரவருக்கும் மதிய விருந்து கொடுக்க இருக்கிறோம். சம்பாச் சோறு, கோழிக்கறி, மீன் பொரியல், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, இன்னும் இரண்டு மரக்கறி, பச்சடி, தயிரும் வாழைப்பழமும் என்று பேசி முடித்தாயிற்று. எத்தனை பேருக்கு என்பதில்தான் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அழைப்பிதழ் கொடுப்பது 120 வீடுகளுக்கு. பெரிய மாமா வீட்டுக்கு நான்கு பேர் என்று பெருக்கி, பெண் வீட்டாரில் 40 பேரையும் சேர்த்து, 520 பேருக்குச் சமைக்கச் சொல்கிறார். என் மனைவியோ 300ஐ ஒட்டித்தான் வருவார்கள் என்கிறாள். சமையற்காரர் புதன்கிழமைக்குள் தொகையும் முற்பணமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். 200 சாப்பாட்டு வித்தியாசம் எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. அதற்காகச் சோறு காணாது, போதவில்லை என்ற பேச்சு வருவதையும் எங்களால் தாங்க முடியாது. நம் பகுதியில் விருந்து நடத்தியவர்கள் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

படுவான்கரைப் பெரியவர்:

தம்பி, உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலியாண வீட்டில் சோறு மிஞ்சியது என்று எவரும் குறை சொன்னதில்லை. காணவில்லை என்றால் பேரப்பிள்ளைகள் காலம் வரையும் சொல்லுவார்கள். வயல் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் உண்கிற அளவை நகரத்துச் சாப்பாட்டுக் கணக்கோடு ஒப்பிடவும் முடியாது. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து உங்களுக்கு உறவினர் வருவதாக இருந்தால், ஒரு கிலோ அரிசிக்கு ஆறு பேருக்கு மேல் கணக்கு வைக்காதீர்கள். அழைத்தவன் வாசலில் நிற்கும்போது அவன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டுக்குச் சொன்னால் அந்த வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளியும் சேர்ந்துதான் வருவான்.

எருவில் ஆசிரியை:

பெரியவர் ஐயா சொன்ன கடைசி வரியோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அதனாலேயே எல்லா வீட்டையும் நான்கால் பெருக்குவது சரியாகாது. 120 அழைப்பிதழும் ஒரே வகை அல்ல என்பதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டு விசேடங்களுக்கெல்லாம் பட்டியலை நான்தான் எழுதுவது வழக்கம். உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அந்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பியில், கட்டாயம் குடும்பத்தோடு வருகிற நெருங்கிய உறவினர் வீடுகளைத் தனியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு அவை 30 வீடு என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர்ப்படி 120 பேர். இவர்களில் ஒருவரையும் கழிக்க வேண்டாம். காலையிலேயே வந்துவிடுவார்கள், மாலைத் தேநீர் வரைக்கும் இருப்பார்கள். அடுத்தது அயல் வீடுகள். ஊரில் விருந்து என்றால் அயல் வீட்டிலிருந்து பெரும்பாலும் கணவனும் மனைவியும், அல்லது ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும்தான் வருவார்கள். யாராவது ஒருவர் வீட்டில் நிற்பார், கடையைப் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பிள்ளையை டியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஆகவே 50 அயல் வீட்டுக்கு இரண்டு பேர்ப்படி 100. மூன்றாவது, வேலைத்தல நண்பர்கள். இவர்களில் பாதிப் பேர் தனியாகத்தான் வருவார்கள். 28 அழைப்புக்கு 40 பேர் என்று போடலாம். கடைசியாக, கொழும்பிலும் திருகோணமலையிலும் இருக்கிறவர்கள். அவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்புவது மரியாதை. ஆனால் தொலைபேசியில் வருகிறோம் என்று சொன்னவர்களை மட்டுமே எண்ண வேண்டும். 12 வீட்டில் 5 வீட்டார் உறுதி சொன்னால் மூன்று பேர்ப்படி 15.

இதுவரை 275 வருகிறது. பெண் வீட்டார் 40 பேரைச் சேர்த்தால் 315. இதற்குமேல் எல்லோரும் எழுத மறக்கிற ஒரு பகுதி இருக்கிறது: பந்தற்காரர், வான் சாரதிகள், வீடியோ எடுப்பவர்கள், சமையற்காரரின் உதவியாட்கள். அன்று முழுவதும் உழைக்கிற அவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது. அவர்கள் 18 பேர் என்றால் மொத்தம் 333. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருப்பார்களானால் இரண்டு பிள்ளைக்கு ஒரு சாப்பாடு என்று 20ஐக் கழியுங்கள். 313.

உங்கள் எண்கள் இதிலிருந்து மாறும். ஆனால் 520க்கும் 300க்கும் இடையில் ஊகத்தில் ஒரு எண்ணைப் பிடிப்பதைவிட, வீடு வீடாகப் பெயரை வாசித்து, 'இந்த வீட்டிலிருந்து யார் வருவார்கள்' என்று மனைவியோடும் தாயாரோடும் மாமாவோடும் இருந்து கேட்டு எழுதுங்கள். ஒரு மாலை நேரம் போதும். ஊரில் யார் எந்த வீட்டுக்குப் போவார், யாரோடு யாருக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அந்தக் கொப்பி அவர்கள் கையில் இருக்கட்டும்.

கிடாரத்தடி:

நான் கிழக்கில் கலியாண வீடுகளுக்கும் கோவில் அன்னதானங்களுக்கும் சமைப்பவன். ஆசிரியை அக்கா ஆட்களின் கணக்கை அழகாக எழுதிவிட்டார். பொருட்களின் கணக்கை நான் சொல்கிறேன்.

சம்பா அரிசி என்றால் கறிகள் நிறைவாக இருக்கிற விருந்தில் ஒரு கிலோவுக்கு ஏழு பேர் என்பது பாதுகாப்பான கணக்கு. பெரியவர் சொன்ன ஆறு பேர், வயலில் நின்று வந்து உண்கிறவர்களுக்குப் பொருந்தும். பெண்களும் பிள்ளைகளும் அலுவலக ஆட்களும் கலந்த பந்தியில் அது மிஞ்சும். 313 பேருக்கு 45 கிலோ. பருப்பு 25 பேருக்கு ஒரு கிலோ, அதாவது 13 கிலோ போதும். மரக்கறி மூன்று வகை இருக்கிறபடியால் ஒவ்வொன்றும் ஆளுக்கு 60 கிராம், வகைக்கு 19 கிலோ. தேங்காய் ஐந்து பேருக்கு ஒன்று.

கோழியில்தான் கூடுதலாகப் பணம் வீணாகிறது, தட்டுப்பாடும் அதில்தான் வருகிறது. தோல் உரித்துத் துண்டாக்கிய இறைச்சி ஒரு கிலோவில், கறிக்கு ஏற்ற அளவில் ஏறக்குறைய 15 துண்டு வரும். ஆளுக்கு மூன்று துண்டு என்றால் கிலோவுக்கு ஐந்து பேர். கடைக்காரரிடம் பேசும்போது எந்த நிறை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோழியை உயிரோடு நிறுத்து வாங்கினால் துப்புரவாக்கிய பின் ஏறக்குறைய முக்கால் பங்குதான் மிஞ்சும். தோலோடு நிறுத்தால் தோல் கழிகிறபோது இன்னும் குறையும். 50 கிலோ வாங்கினோம், ஏன் காணவில்லை என்று விருந்து நாளில் என்னிடம் கேட்கிற வீட்டுக்காரர்கள் பலர் உயிர் நிறையை மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். மீனும் அப்படித்தான். தலையும் குடலும் செதிளும் போக மூன்றில் ஒரு பங்கு குறையும்.

இன்னொன்று. வகைகளைக் கூட்டினால் சோறு குறையாது, ஆனால் ஒவ்வொரு கறியின் அளவும் குறைய வேண்டும். கோழியும் மீனும் இருக்கும்போது இறாலும் சேர்க்கச் சொல்கிறவர்கள், கோழியைப் பழைய அளவிலேயே வைக்கச் சொல்கிறார்கள். பின்னர் மூன்றும் மிஞ்சுகிறது. களப்பு இறாலின் விலை எல்லோருக்கும் தெரியும். இறால் வைப்பதாக இருந்தால் கோழியை ஆளுக்கு இரண்டு துண்டாக்குங்கள். இல்லையென்றால் இறாலை விட்டுவிடுங்கள்.

போதாமல் போகும் என்ற பயத்தில் எல்லாவற்றிலும் பத்துப் பத்துச் சதவீதம் கூட்டுவதுதான் நான் அடிக்கடி காண்கிற வீண். வீட்டுக்காரர் ஆட்களில் ஒரு பத்தைக் கூட்டுவார், மாமா ஒரு பத்தைக் கூட்டுவார், சாமான் வாங்கப் போகிறவர் ஒரு பத்தைக் கூட்டுவார், சமையற்காரனும் தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு பிடி கூடப் போடுவான். மேலதிகம் ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். சமைக்காத அரிசியாகவும், சமைக்காத பருப்பாகவும், திறக்காத தயிர்ச் சட்டியாகவும், சீப்பாக இருக்கும் வாழைப்பழமாகவும் இருக்கட்டும். இவற்றில் எதுவும் மறுநாள் வீணாகாது. தயிரைப் பொறுத்தவரை, பிரிக்காத சட்டியைத் திரும்ப எடுக்கிற வியாபாரியா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சமையற்காரர் முற்பணமும் உறுதியான தொகையும் கேட்பதைத் தவறாக எண்ண வேண்டாம். 2022இல் எரிவாயு இல்லாமலும், விலை வாரத்துக்கு வாரம் ஏறியும் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. ஒரு விலை பேசி, வேறு விலைக்குச் சாமான் வாங்கி, கைக்காசைப் போட்டவர்கள் எங்களில் ஏராளம். அதற்குப் பிறகு எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்பது எங்களுக்குப் பாதுகாப்பாகிவிட்டது.

களுவாஞ்சிக்குடி மூத்தவன்:

ஆசிரியை அக்காவுக்கும் சமையல் அண்ணனுக்கும் மிக்க நன்றி. அக்கா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தன் பட்டியலை ஏற்கனவே அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். ஆச்சரியம் என்னவென்றால் அவளுடைய எண்ணும் 313க்கு மிக அருகில் இருந்தது. எனவே அதையே அடிப்படையாகக் கொள்கிறோம்.

இன்னும் இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் நண்பர்கள் 12 பேர் வரவிருக்கிறார்கள். அவர்களுக்கு மரக்கறியை மட்டும் வைத்து அனுப்ப மனம் ஒப்பவில்லை. மற்றது, பந்தியில் இருத்திப் பரிமாறுவதா, புஃபே வைப்பதா என்பது. ஒரே நேரத்தில் 60 பேரை இருத்துவதற்கு இடம் இருக்கிறது.

சாய்ந்தமருது வாசி:

சகோதரருக்கு வாழ்த்துகள். உங்கள் நண்பர்களுக்காக இவ்வளவு யோசிப்பதே எங்களுக்குச் சந்தோசம்.

எங்கள் ஊர்களில் சாப்பாட்டைச் சஹன், அதாவது பலர் சேர்ந்து உண்கிற பெரிய தட்டு, கணக்கில்தான் சொல்வோம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வது வழக்கம். இப்போது சில இடங்களில் ஐந்து பேரை இருத்துகிறார்கள். சஹனில் சோறும் இறைச்சியும் மற்றக் கறிகளும் அளவாக வைத்தே வரும் என்பதால், 300 பேர் என்றால் 50 சஹன், அதற்குமேல் மூன்றோ நான்கோ என்று சொல்லிவிடலாம். தட்டு நிறையாமல் நான்கு பேர் அமர்ந்து எழும்புகிற சஹன்கள்தான் எங்கள் கணக்கைக் குழப்புகிறவை. அதனால் வாசலில் நிற்கிற பொறுப்பாளர் ஆறு பேர் சேருகிற வரையில் புதிய சஹனைத் திறக்க விடமாட்டார்.

உங்களுக்குத் தேவை இரண்டே சஹன். கல்முனையிலோ மருதமுனையிலோ முஸ்லிம் சமையற்காரர் ஒருவரிடம் இரண்டு சஹன் பிரியாணிக்குச் சொல்லிவிட்டால், அவரே பாத்திரத்தோடு கொண்டுவந்து வைப்பார். வட்டிலப்பமும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை உங்கள் கறிகள் இருக்கிற இடத்திலிருந்து விலக்கி, வேறு அகப்பையோடு வையுங்கள். சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று நண்பர்களில் ஒருவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போது அவர்கள் கேட்கத் தயங்கி, தயிரும் பழமும் மட்டும் உண்டு எழும்ப வேண்டி வராது. இந்த 12 பேரை உங்கள் சோற்றுக் கணக்கிலும் கோழிக் கணக்கிலும் கழித்துவிட மறக்க வேண்டாம். பலர் இரண்டு பக்கமும் எண்ணிவிடுகிறார்கள்.

எங்கள் ஆட்களை மதிய விருந்துக்கு அழைக்கிற எவரும் நோன்பு மாதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ரமழான் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டிருக்கும். வைகாசியில் இப்போது அந்தப் பிரச்சினை இல்லை.

தம்பிலுவில் மருமகன்:

பெண் தம்பிலுவில் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்குக் காலம். சடங்குக்காகக் கோவில் கதவு திறந்ததிலிருந்து, நிறைவுச் சடங்கான திருக்குளிர்த்தி முடியும் வரை ஊரில் மச்சம் மாமிசம் சமைக்க மாட்டார்கள். வெளியில் விருந்துக்குப் போனாலும் தொட மாட்டார்கள். உங்கள் களுவாஞ்சிக்குடியிலும் கண்ணகி அம்மன் கோவில் இருக்கிறது, செட்டிபாளையத்திலும் மகிளூரிலும் இருக்கிறது. விருந்து நாள் கதவு திறப்பதற்கு முன்னரா பின்னரா என்பதை இரு வீட்டாரும் பார்த்துத்தான் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்னராக இருந்தாலும், நேர்த்தி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விரதம் தொடங்கியிருப்பார்கள். பெண் வீட்டார் 40 பேரில் எத்தனை பேர் மரக்கறி என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பது குறைவு அல்ல. மரியாதைக்காகக் கோழிக்கறியை முன்னால் கொண்டுபோய் நீட்டி, அவர்கள் இலையைக் கையால் மறைக்கிற நிலை வரக்கூடாது.

அவர்களில் கணிசமானோர் விரதம் என்றால் பருப்பும் பால்கறியும் சற்றுக் கூடவே வேண்டும். விரதகாரர்களுக்கு வேறு கறிகள் இல்லாததால் அவற்றைக் கூடுதலாக எடுப்பார்கள். அவர்களுடைய கறிகளைத் தனிச் சட்டியில், மச்சக் கறி பரிமாறுகிற கரண்டி படாமல் வைத்திருப்பதும் முக்கியம்.

மகிளூர் இளைஞர்:

ஊரில் எந்த விருந்து நடந்தாலும் பரிமாறப் போகிறவர்களில் நானும் ஒருவன். இங்கே இன்னும் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு இது மிகவும் மனதை வருத்துகிற விடயம்.

சாப்பாடு போதாமல் போவது பெரும்பாலும் குறைவாகச் சமைத்ததால் அல்ல. முதலாம் பந்தியிலும் இரண்டாம் பந்தியிலும் அள்ளி அள்ளி வைப்பதால்தான். முதற்பந்தியில் பெரியவர்களும் பெண் வீட்டாரும் இருப்பார்கள். வீட்டுக்காரர் பின்னால் நின்று, 'வையுங்கள், இன்னும் வையுங்கள்' என்பார். அந்தப் பந்தி எழும்பியதும் இலைகளை நாங்கள்தான் மடித்து எடுக்கிறோம். கடிக்காத கோழித் துண்டு இரண்டு, மூன்று ஒவ்வொரு இலையிலும் கிடக்கும். ஐந்தாம், ஆறாம் பந்தியில் கோழிச் சட்டியில் குழம்பும் உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும். அந்தக் கடைசிப் பந்தியில் யார் இருக்கிறார்கள்? விடிய எழும்பித் தேங்காய் துருவிய அக்காமார், தண்ணீர் அள்ளிய தம்பிமார், வான் சாரதிகள், பாத்திரம் கழுவியவர்கள். அதே வீட்டில் அன்று பின்னேரம் இரண்டு கிடாரம், அதாவது இரண்டு பெரிய அண்டா, சோறு குப்பைக்கும் போகும். 520 பேருக்குச் சமைத்தாலும் இது நடக்கும். கடைசிப் பந்திக்கு என்று எவரும் எடுத்து வைக்காத வரையில் நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே கோழிக்கறி இறங்கியதும், முதற்பந்தி இருப்பதற்கு முன்னரே, கடைசிப் பந்திக்கான பங்கைத் தனிச் சட்டியில் எடுத்து மூடி உள்வீட்டில் வைத்துவிடுங்கள். 40 பேர் என்றால் 8 கிலோக் கறி. அதன் பொறுப்பை ஒரு பெரியவரிடம் கொடுங்கள்; வெளியில் தட்டுப்பாடு என்று வந்தாலும் அவர் சட்டியைத் திறக்கக் கூடாது.

பந்தியா புஃபேயா என்று கேட்டிருந்தீர்கள், அண்ணன். இடமும் ஆட்களும் இருந்தால் பந்தியே நல்லது. முதல் முறை இரண்டு துண்டு வைத்து, மறுசுற்றில் கேட்டு ஒன்று வைத்தால் எவரும் குறையாக நினைப்பதில்லை, இலையிலும் மிஞ்சுவதில்லை. புஃபே வைப்பதாக இருந்தால் சோறும் மரக்கறியும் முன்னால் வரட்டும், கோழியும் மீனும் கடைசியில் இருக்கட்டும், அந்த இரண்டிலும் பரிமாற ஓர் ஆள் நிற்கட்டும்.

படுவான்கரைப் பெரியவர்:

மகிளூர்த் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அவர் சொல்வது உண்மை. எங்கள் காலத்தில் கடைசிப் பந்திக்கு வீட்டுக்காரரே கூட இருந்து உண்பார். அவருக்கு வைக்கிற கறிதான் எல்லோருக்கும். அந்த வழக்கம் இருந்தவரையில் கடைசிப் பந்திக்குக் கறி இல்லாமல் போனதில்லை. மிஞ்ச வேண்டும் என்று நான் சொன்னதும் அந்தக் கடைசி ஆள் வரையில் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தான். சமைக்காத அரிசியாக மேலதிகத்தை வைத்திருக்கச் சொன்ன யோசனை எனக்கும் திருப்தி. ஆனால் அரிசி இருந்தால் மட்டும் போதாது. அடுப்பில் கொதிநீர் இருக்க வேண்டும், சமையற்காரர் இரண்டாம் பந்தியோடு கைகழுவிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. இதையும் பேசும்போதே பேசிவிடுங்கள்.

ஆரையம்பதி, சுகாதாரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்:

மிஞ்சுகிற சாப்பாட்டைப் பற்றியும் இப்போதே தீர்மானித்துவிடுவது நல்லது. அன்று மாலை களைப்பில் எடுக்கிற தீர்மானம் நல்லதாக இருப்பதில்லை. வைகாசி வெயிலில் பந்தலுக்குள் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் சமைத்த உணவு சூடாகவோ குளிராகவோ இல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் ஆபத்து. சோற்றில் வளர்கிற ஒரு வகைப் பற்றீரியாவின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் அழியாமல் தங்கி, சோறு ஆறிக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பன்னிரண்டு மணிக்கு இறக்கிய சோற்றை ஐந்து மணிக்குப் பார்சல் கட்டி, ஏழு மணிக்கு ஒருவர் உண்பது நல்லதல்ல.

முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ கொடுக்க விரும்பினால், மிஞ்சிய பின் அழைக்காதீர்கள். சனிக்கிழமையே பேசி, சமைத்த உணவை ஏற்றுக்கொள்வார்களா, எத்தனை மணிக்குள் வேண்டும் என்று கேளுங்கள். அவர்களுக்கான சாப்பாட்டை நான்காம் பந்தி நடக்கும்போதே, சூடாக இருக்கையில், இலையில் படாத கிடாரத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள். இதற்காக 20 சாப்பாட்டைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நன்று. பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் விருந்தினருக்கு வைத்த அதே சாப்பாடு, அதே நேரத்தில் போய்ச் சேரும்.

உறவினருக்குக் கட்டிக் கொடுக்கிற பார்சலும் அப்படித்தான். சுடுசோற்றைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாமல், வாழையிலை வைத்துக் கட்டுங்கள். அல்லது அவர்களையே பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எருவில் ஆசிரியை:

சுகாதாரப் பணியிலிருந்த ஐயா சொன்ன 20 சாப்பாட்டை நான் வழிமொழிகிறேன். பார்சலைப் பற்றி மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. நெருங்கிய உறவினர் வீட்டில் நோயாளிகளும் நடக்க முடியாத பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவது மிச்சம் கொடுப்பது ஆகாது, அவர்களும் விருந்தாளிகளே. பட்டியல் எழுதும்போது அந்தப் பெயர்களையும் எண்ணி, இரண்டாம் பந்தி நேரத்தில் ஒரு பிள்ளையிடம் சைக்கிளில் கொடுத்தனுப்புங்கள்.

களுவாஞ்சிக்குடி மூத்தவன்:

நேற்று மாலை கொப்பியோடு எல்லோரும் கூடி இருந்தோம். பெரிய மாமாவையும் அழைத்து, இங்கே எழுதப்பட்டவற்றை வாசித்துக் காட்டினேன். தொகையைக் குறைக்க முதலில் அவர் சம்மதிக்கவில்லை. கடைசிப் பந்தியைப் பற்றி மகிளூர்த் தம்பி எழுதியதைக் கேட்ட பிறகு, அந்தச் சட்டியின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பெண் வீட்டில் கேட்டோம். விருந்து நாள் கதவு திறப்பதற்கு முன்னர்தான். ஆனால் 12 பேர் நேர்த்தி வைத்து விரதம் தொடங்கியிருப்பார்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் மரக்கறி உண்பவர்கள் 25 பேர். முஸ்லிம் நண்பர்கள் 12 பேருக்கும் கல்முனையில் இரண்டு சஹன் சொல்லியாயிற்று. ஆகவே எங்கள் கிடாரத்துச் சோற்றுக்கு 301 பேர், அதில் கோழியும் மீனும் உண்பவர்கள் 264 பேர். ஏழு பேருக்கு ஒரு கிலோப்படி அரிசி 43 கிலோ, தோல் உரித்துத் துண்டாக்கிய கோழி 53 கிலோ, துப்புரவாக்குவதற்கு முன் 30 கிலோ மீன், பருப்பு விரதகாரரையும் எண்ணி 14 கிலோ, தயிர் எட்டுப் பேருக்கு ஒரு சட்டிப்படி 40 சட்டி. சிறுவர் இல்லத்துக்கான 20 சாப்பாட்டுக்கு மரக்கறியோடு 3 கிலோ அரிசி வேறாக. அவர்களோடு பேசிவிட்டோம், இரண்டு மணிக்குள் வேண்டும் என்றார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் நெருங்கிய உறவினர் 120 பேருக்குள்ளேயே அடங்குகிறார்கள். மேலதிகமாக 7 கிலோ உலர்ந்த அரிசியும் 2 கிலோ பருப்பும் 6 சட்டி தயிரும் உள்வீட்டில் இருக்கும். அது ஏறக்குறைய 50 பேருக்குப் போதும். மாமாவுக்கும் அது ஆறுதல்.

சமையல் அண்ணனிடம் கடைசியாக ஒரு கேள்வி: மேலதிக அரிசியை அடுப்பில் போடவேண்டிய நேரத்தை எப்படி அறிவது? அது பிந்தினால் பந்தி காத்திருக்க வேண்டி வருமே.

கிடாரத்தடி:

கணக்கு சரியாக இருக்கிறது, தம்பி. கிடாரத்துக்கு 9 கிலோ அரிசி என்று பிரித்துச் சமைக்கச் சொல்லுங்கள். முதற்பந்தி இருப்பதற்கு முன் மூன்று கிடாரம் இறங்கியிருக்கட்டும். இரண்டாம் பந்தி இருக்கும்போது நான்காவதும், சிறுவர் இல்லத்துக்கானதும் ஏறட்டும். இரண்டாம் பந்தி எழும்பியதும் 120 பேர் உண்டிருப்பார்கள். அப்போது இரண்டு கிடாரம் காலியாகி, மூன்றாவது ஏறக்குறைய முழுதாக இருக்க வேண்டும். மூன்றாவதும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், அன்று வந்தவர்கள் கூடுதலாக உண்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்தாவது கிடாரத்தில் 7 கிலோவுக்குப் பதிலாக மேலதிக அரிசியையும் சேர்த்து, இரண்டு அடுப்பில் உடனே போட்டுவிடச் சொல்லுங்கள். கொதிநீர் தயாராக இருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் சோறு இறங்கும். அதற்குள் மூன்றாம் பந்திதான் நடந்துகொண்டிருக்கும். மூன்றாவது முழுதாக இருந்தால் மேலதிக அரிசியைத் தொட வேண்டாம், மூட்டையாகவே வீட்டுக்குள் போகட்டும்.

பெண் வீட்டார் எத்தனை வானில் வருகிறார்கள் என்று சனிக்கிழமை இரவு இன்னொரு தரம் கேளுங்கள். ஒரு வான் கூடினால் 14, 15 பேர் கூடுவார்கள். உங்கள் மேலதிகம் அதைத் தாங்கும், ஆனால் கோழிக்கு அன்று விடியற்காலையில்தான் சொல்ல முடியும் என்பதால் கடைக்காரரிடம் 3 கிலோவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வைகாசியில் பகல் ஏற மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கும்; அடுப்படிக்கு மேற்குப் பக்கமாகத் தகரமோ கிடுகோ வைத்து மறைக்காவிட்டால் நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்து, கிடாரத்தில் பாதி வேகாமல் நிற்கும். விறகும் அந்த ஐந்தாவது கிடாரத்துக்குச் சேர்த்தே இறக்குங்கள்.

களுவாஞ்சிக்குடி மூத்தவன்:

நல்லது, அண்ணன். கிடுகு ஐந்தாறு கிடக்கிறது, கட்டிவிடுகிறோம். புதன்கிழமை இந்தத் தொகையையே சமையற்காரரிடம் கொடுக்கிறேன்.